தெர்மோஸ்டாட்டா, ரேடியேட்டர் வால்வா: வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைக்க முதலில் எதற்குப் பணம் செலவிடலாம்?

ரேடியேட்டர்களால், அதாவது அறைகளில் வைத்த, வெந்நீர் ஓடும் உலோகப் பலகைகளால் சூடேறும் வீட்டின் எரிபொருள் செலவைக் குறைக்க விரும்புவோர் முன் பொதுவாக ஐந்து பொருள்கள் வந்து நிற்கின்றன: சுவரில் மாட்டும் சாதாரண தெர்மோஸ்டாட், நேரம் குறித்துவைக்கும் வசதியுள்ள தெர்மோஸ்டாட், இணையத்தோடு இணையும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், ஒவ்வொரு ரேடியேட்டரிலும் பொருத்தப்படும் தெர்மோஸ்டாட் வால்வு, அந்த வால்வின் ஸ்மார்ட் வடிவம். இவற்றின் விலையையும் வசதிகளையும் வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பல, இந்த ஐந்தையும் ஒரே வேலையைச் செய்யும் ஐந்து தரங்களாகவே நடத்துகின்றன. உண்மையில் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட், வீட்டுக்கான நீரைச் சூடாக்கும் பாய்லருக்குக் கட்டளையிடுகிறது. ரேடியேட்டர் வால்வோ ஓர் அறைக்குள் எவ்வளவு வெந்நீர் நுழையலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பாது. எனவே எதை வாங்குவது என்பதற்கு முன்பாக, நம் வீட்டில் வெப்பம் எங்கே வீணாகிறது என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆள் இல்லாத நேரத்திலா, ஆள் இல்லாத அறையிலா, தேவைக்கு மேற்பட்ட டிகிரியிலா, அல்லது தேவைக்கு மேல் சூடாகக் குழாயில் ஓடும் நீரிலா? விடையைப் பொறுத்து வாங்கவேண்டிய பொருள் மாறும். சில வீடுகளில் எதுவுமே வாங்கத் தேவையிருக்காது.

சுவர்த் தெர்மோஸ்டாட்டின் இயல்பை அதன் பிறப்பே காட்டிவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இல் காப்புரிமை பெற்ற கருவி, வகுப்பறையின் வெப்பநிலை மாறியதும் மணியடித்துக் கீழ்த்தளத்தில் உலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியருக்குத் தெரிவிப்பதற்காக உருவானது. இன்று மணிக்கும் ஊழியருக்கும் பதிலாக ஒரு மின்சுற்று இருக்கிறது. மற்றபடி வேலை அதேதான். ஓரிடத்தின் வெப்பநிலையைப் பார்த்து, முழு வீட்டுக்குமான பாய்லரை எரியச் செய்கிறது அல்லது நிறுத்துகிறது. தெர்மோஸ்டாட் கூடத்தில் இருந்தால் கூடம்தான் வீடு என்று அது எண்ணிக்கொள்கிறது. வடக்குப் பக்கத்துப் படுக்கையறை குளிர்ந்துகிடப்பதோ, வெயில் படும் அறை தேவைக்கு மேல் சூடேறியிருப்பதோ அதற்குத் தெரியாது.

ரேடியேட்டர் வால்வு இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளாவ்சன் 1943-இல் உருவாக்கிய இந்த வால்வுக்கு மின்சாரம் தேவையில்லை. அதன் தலைப்பகுதிக்குள் மெழுகோ திரவமோ வாயுவோ அடைத்த சிறு குடுவை இருக்கிறது. அறை சூடேறும்போது உள்ளிருப்பது விரிந்து ஒரு சிறு ஊசியைத் தள்ளுகிறது. ஊசி நீர்வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது. அறை குளிர்ந்தால் வில்சுருள் ஊசியைத் திரும்பத் தள்ளி வழியைத் திறக்கிறது. மெழுகு நிரப்பியவை மெதுவாகவும் வாயு நிரப்பியவை விரைவாகவும் மாற்றத்தை உணர்கின்றன. தலையில் அச்சிட்டிருக்கும் 1 முதல் 5 வரையான எண்கள் நீரின் சூட்டைக் குறிப்பவை அல்ல. அறையின் வெப்பநிலையைக் குறிப்பவை. பெரும்பாலான வால்வுகளில் 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். பனிப்பூ வடிவக் குறியில் வைத்தால், குழாய் நீர் உறைந்துவிடாதபடி 7 டிகிரி அளவில் மட்டும் காத்துக்கொள்ளும்.

இந்த எண்களைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் செலவைக் கூட்டுகிறது. குளிரில் வெளியிலிருந்து வருபவர் அறை விரைவில் சூடாகட்டும் என்று வால்வை 5-க்குத் திருப்புகிறார். அறை 15 டிகிரியில் இருக்கும்போது 3-இல் வைத்த வால்வும் கிட்டத்தட்ட முழுமையாகத் திறந்தே இருக்கிறது. 5-இல் வைத்தாலும் அறை அதைவிடக் குறிப்பிடத்தக்க வேகத்தில் சூடாவதில்லை. நடப்பது என்னவென்றால், 20 டிகிரியில் நின்றிருக்கவேண்டிய சூடு 25-ஐ நோக்கி ஏறுகிறது, பிறகு யாரோ சன்னலைத் திறக்கிறார்கள். சுவர்த் தெர்மோஸ்டாட்டை 28-க்கு ஏற்றிவைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எண்களைச் சரியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்குப் பலரும் சொல்லும் கணக்கு, ஒரு டிகிரி குறைத்தால் சூடேற்றும் எரிசக்தியில் சுமார் 7 விழுக்காடு குறையும் என்பதாகும். சர்வதேச எரிசக்தி முகமையும் 2022-இல் இந்த எண்ணைத்தான் சொன்னது. இதன் அடிப்படை எளிது. வீடு இழக்கும் வெப்பம், உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலைகளின் வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. குளிர்காலச் சராசரி வெளியே 6 டிகிரியும் உள்ளே 21 டிகிரியும் என்றால் வேறுபாடு 15. அதில் ஒன்றைக் குறைப்பது பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. வெளியே மைனஸ் 5 டிகிரி நிலவும் இடத்தில் வேறுபாடு 26 ஆகிவிடுவதால், அதே ஒரு டிகிரி 4 விழுக்காட்டை மட்டுமே தரும். அதற்காகக் கடுங்குளிர் நாட்டவர் மனம் தளர வேண்டியதில்லை. விழுக்காடு சிறிதானாலும் ஒரு மணிநேரத்தில் மிச்சமாகும் வெப்பத்தின் அளவு இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். இந்த மிச்சத்துக்கு ஏற்கெனவே சுவரிலிருக்கும் மிகப் பழைய தெர்மோஸ்டாட்டே போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரத்தில் வீணாகும் வெப்பம்

காலையில் எல்லாரும் வெளியேறி மாலையில் திரும்பும் வீட்டில், இடைப்பட்ட நேரத்துச் சூடு யாருக்கும் பயன்படுவதில்லை. நேரம் குறித்துவைக்கும் தெர்மோஸ்டாட் இதற்காகவே உள்ளது. நாளொன்றுக்கு 8 மணிநேரம் 4 முதல் 6 டிகிரி வரை தாழ்த்திவைத்தால் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இதில் 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சன்னலும் சுவரும் வெப்பத்தை நன்கு தடுக்கும் வீடு எட்டு மணிநேரத்தில் இரண்டு டிகிரிகூடக் குளிராமல் இருக்கலாம். குளிராத வீட்டில் தாழ்த்திவைத்ததால் மிச்சமும் குறைவு. காற்று புகும் பழைய வீடுதான் இந்த முறையில் அதிகம் பயனடைகிறது.

வீட்டைக் குளிரவிட்டு மீண்டும் சூடாக்குவதற்கு ஆகும் எரிபொருள், நாள் முழுதும் ஒரே சூட்டில் வைப்பதைவிட அதிகம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எரிவாயு பாய்லர் உள்ள வீட்டில் இது பெரும்பாலும் பொருந்தாது. வீடு தாழ்ந்த வெப்பநிலையில் இருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் வெளியே கசியும் வெப்பம் குறைகிறது. மாலையில் பாய்லர் கூடுதலாக எரிவது அந்தக் குறைவான இழப்பை ஈடுசெய்யவே. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி) உள்ள வீட்டில், விரைவாக மீட்டெடுப்பதற்காக நீரை அதிகம் சூடாக்க நேர்ந்தால் அதன் திறன் சரிந்து, மிச்சமானது கையைவிட்டுப் போகலாம். தரைக்கடியில் குழாய் பதித்த வீடுகளில் கனமான தரை சூடேறவும் ஆறவும் பல மணிநேரம் எடுக்கும் என்பதால் பகல்நேரத் தாழ்வு ஏறக்குறைய வீண்வேலை. இவ்விரு வகை வீட்டாரும் ஓரிரு டிகிரிக்கு மேல் தாழ்த்தாமல் சீராக ஓட்டுவதே நல்லது.

நேரம் குறிக்கும் தெர்மோஸ்டாட்டின் உண்மையான பலவீனம் அதைப் பயன்படுத்தும் மனிதர்களிடம் இருக்கிறது. எரிசக்தியைச் சேமிக்கும் கருவிகளுக்கு முத்திரை தரும் அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் இவ்வகைக் கருவிகளுக்கு அளித்துவந்த முத்திரையை 2009-இன் முடிவில் விலக்கிக்கொண்டது. கருவி பழுதானதல்ல காரணம். வாங்கியவர்களில் பலர் நேரத்தைக் குறித்துவைக்காமலோ, ஒருமுறை குறித்ததை நிரந்தரமாக முடக்கிவைத்தோ பயன்படுத்தியதால், எதிர்பார்த்த மிச்சம் களத்தில் தென்படவில்லை. சிறிய திரையும் குழப்பமான பொத்தான்களும் இதற்குத் துணைபோயின. பின்னர் 2017-இல் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கென அதே திட்டம் புதிய முத்திரையைக் கொண்டுவந்தபோது, நிறுவனங்கள் களத்திலிருந்து திரட்டிய தரவைக் கொண்டு மிச்சத்தை நிறுவவேண்டும் என்று விதித்தது. சூடேற்றலும் குளிர்விப்பும் சேர்ந்த கட்டணத்தில் சராசரியாக 8 விழுக்காடு அளவு குறைவதாக அத்திட்டம் இப்போது சொல்கிறது.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இந்த மறதியைத்தான் விலைக்கு ஈடுசெய்கிறது. கைபேசி வீட்டைவிட்டு விலகியதைக் கண்டு தானாகத் தாழ்த்தும். வீடு எவ்வளவு நேரத்தில் சூடாகிறது என்று கற்றுக்கொண்டு அதற்கேற்ற நேரத்தில் பாய்லரைத் தொடங்கும். விடுமுறையில் சென்றவர் அணைக்க மறந்ததைத் தொலைவிலிருந்து அணைக்கலாம். வேலைநேரம் வாரந்தோறும் மாறுகிறவர்களுக்கு இது மதிப்புள்ள வசதி. அதே நேரம், ஒழுங்கான அட்டவணையில் வாழ்ந்து, மலிவான தெர்மோஸ்டாட்டில் அதைச் சரியாகக் குறித்தும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது புதிதாக எதையும் மிச்சப்படுத்தித் தராது. நாள் முழுதும் யாராவது வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கும் அப்படியே. அத்தகைய வீட்டில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அழகான திரையொன்றைச் சுவருக்குத் தருகிறது என்பதற்கு மேல் என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

இடத்தில் வீணாகும் வெப்பம்

அறைக்கு அறை வேறுபட்ட சூடு வேண்டும் என்றால் ரேடியேட்டர் வால்வுக்கு மாற்று இல்லை. கூடத்துக்கு 20 டிகிரி, படுக்கையறைக்கு 18, எப்போதாவது வரும் விருந்தினர் அறைக்கு 15 என்று பிரித்துவைப்பதை ஒற்றைத் தெர்மோஸ்டாட்டால் செய்யவே முடியாது. வெயில் படுவதாலோ, அடுப்பு எரிவதாலோ, பலர் கூடியதாலோ ஓர் அறை தானாகச் சூடேறும்போது அங்கே மட்டும் வெந்நீரைக் குறைப்பதும் இதன் பயனே. பிரிட்டனின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஒரு முழு வீட்டைக் கட்டிவைத்து நடத்திய சோதனையில், அறைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் வால்வுகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 விழுக்காடு எரிசக்தியை மிச்சப்படுத்தின. கட்டுப்பாட்டுக் கருவித் துறையின் ஆதரவில் நடந்த சோதனை அது என்பதையும், ஒப்பிடப்பட்டது எந்தக் கட்டுப்பாடும் இல்லாத அமைப்போடு என்பதையும் நினைவில் கொண்டால், ஏற்கெனவே தெர்மோஸ்டாட் உள்ள வீட்டார் இந்த எண்ணை அப்படியே எதிர்பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பயன்படாத அறையின் வால்வை மூடினால் அந்த அறையின் செலவு முழுதும் மிச்சம் என்று எண்ணுகிறோம். உட்சுவர்களுக்கு வெப்பத்தடுப்பு கிடையாது. பக்கத்து அறைகள் அந்த அறையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: வெளியே 5 டிகிரி, பக்கத்து அறைகளில் 20 டிகிரி. வெளிச்சுவரும் சன்னலும் வழியாக அந்த அறை ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 40 வாட் இழக்கிறது, உட்சுவர்கள் வழியாக ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 60 வாட் பெறுகிறது என்று கொள்வோம். 20 டிகிரியில் வைத்திருந்தபோது வெளியேறியது 600 வாட். ரேடியேட்டரை முற்றாக அடைத்தபின் அறை 14 டிகிரியில் நிலைகொள்ளும். அப்போதும் 360 வாட் வெளியேறிக்கொண்டிருக்கும், அதைப் பக்கத்து அறைகளின் ரேடியேட்டர்கள் கொடுத்துக்கொண்டிருக்கும். மிச்சம் 600 வாட் இல்லை, 240 வாட். கதவைத் திறந்து போட்டால் அதுவும் கரைந்துவிடும். மூலையில் தனியே நீட்டிக்கொண்டிருக்கும் அறையாகவோ, வெளிச்சுவர் அதிகமுள்ள அறையாகவோ இருந்தால் மிச்சம் கூடும். நாற்புறமும் சூடான அறைகள் சூழ்ந்ததாக இருந்தால் மிச்சம் பெயரளவுக்குத்தான்.

அறையை முற்றாகக் குளிரவிடுவதில் ஆபத்தும் இருக்கிறது. வீட்டின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளியாகப் படியும். அலமாரிக்குப் பின்னால், சன்னல் ஓரத்தில், கூரை மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பயன்படாத அறையையும் 14 அல்லது 15 டிகிரிக்குக் கீழே விடாமல், கதவை மூடி, அவ்வப்போது காற்றோட்டம் கொடுப்பது நல்லது. மக்கள் இருக்கும் அறைகளுக்கு உலக நலவாழ்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 18 டிகிரியைக் குறைந்தபட்சப் பாதுகாப்பான அளவாகக் குறிப்பிடுகிறது. முதியோர், குழந்தைகள், நாள்பட்ட நோயுள்ளோர் இருக்கும் வீட்டில் இன்னும் சற்று உயர்த்தவேண்டியிருக்கும். கட்டணத்துக்குப் பயந்து இந்த வரம்புக்குக் கீழே இறங்குவதை நான் எந்தக் கருவியின் பெயராலும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டும் ஒரே அறையில் சந்திக்கும்போது

தெர்மோஸ்டாட்டையும் வால்வையும் சேர்த்து வைத்திருக்கும் வீடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் குழப்பம் இது. சுவர்த் தெர்மோஸ்டாட் உள்ள அறையின் ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட் வால்வு இருந்து, வால்வு 19 டிகிரியிலும் தெர்மோஸ்டாட் 21 டிகிரியிலும் வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அறை 19-ஐ எட்டியதும் வால்வு நீரை அடைத்துவிடுகிறது. அறை ஒருபோதும் 21-ஐ எட்டப்போவதில்லை. தெர்மோஸ்டாட்டோ இன்னும் சூடாகவில்லை என்று பாய்லரை எரியவிட்டுக்கொண்டே இருக்கிறது. மற்ற அறைகளில் வால்வு இல்லையென்றால் அவை தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டே போகும். வால்வு இருந்தால் எல்லாம் மூடிக்கொண்ட பின்னும் பாய்லர் தனக்குத்தானே நீரைச் சூடாக்கி நின்று, மீண்டும் எரிந்து நிற்கும். இதனால்தான் தெர்மோஸ்டாட் உள்ள அறையில் வால்வுத் தலை வேண்டாம், இருந்தால் முழுதும் திறந்து வையுங்கள் என்று பொருத்துநர்கள் சொல்கிறார்கள். புதிதாக எதையும் வாங்கும் முன் இந்த ஒன்றைச் சரிபார்ப்பதற்குக் காசு செலவில்லை.

மறுபுறம், வால்வுகள் மட்டும் இருந்து தெர்மோஸ்டாட் இல்லாத வீட்டிலும் இழப்பு உண்டு. எல்லா அறைகளும் போதுமான சூட்டை எட்டி எல்லா வால்வுகளும் மூடிக்கொண்டன என்ற செய்தியைப் பாய்லருக்குச் சொல்ல யாருமில்லை. பம்ப் ஓடுகிறது, நீர் ரேடியேட்டர்களுக்குள் போகாமல் சுற்றுவழி வால்வின் ஊடாகச் சுற்றித் திரும்புகிறது, பாய்லர் விட்டுவிட்டு எரிகிறது. எனவே வால்வுகள் மட்டும் உள்ள வீட்டுக்கு முதற்செலவு நேரம் குறிக்கும் ஒரு தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் மட்டும் உள்ள வீட்டுக்கு முதற்செலவு படுக்கையறைகளுக்கான சாதாரண வால்வுகள். இரண்டும் இல்லாத வீட்டில் தெர்மோஸ்டாட் முந்துகிறது. ஏனெனில் அதை மாட்டக் குழாய்களில் நீரை வடிக்கத் தேவையில்லை. ரேடியேட்டரின் வால்வு உடலையே, அதாவது தலைக்குக் கீழே குழாயோடு இணைந்த பகுதியையே மாற்றவேண்டும் என்றால் நீரை வடிக்க வேண்டியிருக்கும், எனவே கூலியும் சேரும். எப்படியும் அமைப்பு வடிக்கப்படும் நாளில், அதாவது பாய்லர் மாற்றும்போதோ ரேடியேட்டர் மாற்றும்போதோ, எல்லா வால்வுகளையும் சேர்த்து மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கருவி இருக்கும் இடமும் அதன் கணக்கைப் பாதிக்கிறது. சுவர்த் தெர்மோஸ்டாட் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயில் படாத, காற்றிழுப்பு இல்லாத, விளக்கும் தொலைக்காட்சியும் அருகில் இல்லாத உட்சுவரில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் வால்வின் சிக்கல் இதைவிடப் பெரிது: அது சூட்டை அளக்கும் இடமே சூட்டின் பிறப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தடித்த திரைச்சீலையோ சோபாவோ அதை மூடினால், அறை குளிர்ந்திருக்கும்போதே போதும் என்று அடைத்துக்கொள்ளும். தலை மேல்நோக்கி நின்றால் குழாயிலிருந்து எழும் சூடு அதை ஏமாற்றும். கிடைமட்டமாகப் பொருத்துவது இதனால்தான். மறைக்காமல் வைக்க வழியில்லாத இடங்களுக்கு, நுண்குழாய் வழியாகத் தொலைவில் உணரும் பகுதியைக் கொண்ட வால்வுத் தலைகளும் விற்கின்றன.

ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு யாருக்கு?

மோட்டாரும் பேட்டரியும் ரேடியோவும் கொண்ட இந்த வால்வு ஒவ்வோர் அறைக்கும் தனி நேர அட்டவணையைத் தருகிறது; சன்னல் திறந்ததால் ஏற்படும் திடீர்க் குளிர்ச்சியைக் கண்டு தற்காலிகமாக மூடிக்கொள்கிறது; வாரம் ஒருமுறை தானே திறந்து மூடி ஊசி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் விற்கும் பல வால்வு உடல்கள் 30 மில்லிமீட்டர் திருகு அளவைக் கொண்டவை என்பதால் பழைய தலையைக் கழற்றிவிட்டு இதைக் கையாலேயே மாட்டலாம். மற்றவற்றுக்கு இணைப்பு வளையம் தேவை. நீரை வடிக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லா அறைக்கும் வாங்கவேண்டும் என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. நாள் முழுதும் ஒரே சூட்டில் இருக்கும் அறைக்கு இதனால் பயனில்லை; அங்கே சாதாரண வால்வு பத்து, பதினைந்து ஆண்டுகள் பேட்டரியே இல்லாமல் அதே வேலையைச் செய்யும். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் அறை, வார இறுதியில் மட்டும் ஆள் இருக்கும் அறை, காலை ஒரு மணிநேரம் மட்டும் சூடு தேவைப்படும் குளியலறை ஆகியவைதான் இதற்கு உரிய இடங்கள். பகல் முழுதும் ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்கிற ஒருவருக்காக ஐந்தறை வீடு சூடாகிக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் சில ஸ்மார்ட் வால்வுகள் விலையை மீட்டுத் தரக்கூடும்.

வாங்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அந்த வால்வால் பாய்லரை அழைக்க முடியுமா என்பதே. அறை குளிர்ந்ததும் பாய்லரோடு இணைந்த பெட்டிக்குச் செய்தி அனுப்பக்கூடியதாக இருந்தால் ஒவ்வோர் அறையும் தனித் தெர்மோஸ்டாட்டாகிறது, மேலே சொன்ன மோதலும் தீர்கிறது. அனுப்ப முடியாததாக இருந்தால் பாய்லர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் வால்வு திறந்து காத்திருக்கும், அறை குளிர்ந்தே கிடக்கும். அழைக்கக்கூடிய அமைப்பிலும் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. ஒரே ஒரு சிறிய ரேடியேட்டருக்குத் தேவை ஒரு கிலோவாட் கூட இருக்காது. பல பாய்லர்களால் சில கிலோவாட்டுக்குக் கீழே தாழ்ந்து எரிய முடியாது. விளைவு, பாய்லர் சிறு நேரம் எரிந்து நின்று மீண்டும் எரிவதையே நாள் முழுதும் செய்யும்; திறனும் ஆயுளும் குறையும். இரண்டு மூன்று அறைகளை ஒரே அட்டவணையில் சேர்த்து இயக்குவது இதைத் தணிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ பேட்டரி மாற்றும் செலவையும், இரவின் அமைதியில் படுக்கையறையில் கேட்கும் மோட்டார் ஒலியையும், நிறுவனம் தன் இணையச் சேவையை நிறுத்தினால் கருவி எந்த அளவுக்குத் தனித்து இயங்கும் என்பதையும் விலைச்சீட்டில் காண முடியாது.

பலரும் பார்க்காத நீரின் சூடு

இத்தனை கருவிகளுக்கும் முன்னால் பாய்லரிலேயே இருக்கும், நீரின் சூட்டைத் தீர்மானிக்கும் ஒரு திருகைப் பார்க்கவேண்டும் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும்படி வடிவமைக்கப்பட்டது. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பிவரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த மீட்பு நடக்கும். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. பாய்லரிலிருந்து புறப்படும் நீர் 75 அல்லது 80 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தால், திரும்பும் நீரும் சூடாகவே வந்து, கண்டென்சிங் பாய்லர் பழைய பாய்லரைப் போலவே நடந்துகொள்கிறது. அதை 60 டிகிரிக்குத் தாழ்த்திப் பார்க்கலாம். கடுங்குளிர் நாட்களிலும் அறைகள் சூடேறினால் இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் மட்டும் ஒரு கவனம்: கிருமி வளராமலிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியை எட்டியாகவேண்டும், ஆகவே தொட்டிக்கும் ரேடியேட்டர்களுக்கும் தனித்தனி அளவு வைக்க முடியாத அமைப்பில் பொருத்துநரைக் கேட்காமல் தாழ்த்தக் கூடாது. ஹீட் பம்ப்பில் இந்தத் திருகின் பயன் இன்னும் பெரியது. புறப்படும் நீரை ஒவ்வொரு டிகிரி தாழ்த்தும்போதும் திறன் 2 முதல் 3 விழுக்காடு வரை உயர்கிறது.

இதோடு இணைந்தது சமன்படுத்தல். ரேடியேட்டரின் மறுமுனையில் மூடியிட்ட லாக்ஷீல்டு வால்வு ஒன்று இருக்கும். பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்கள் நீரை அதிகம் இழுத்துக்கொள்வதால் தொலைவிலுள்ள அறை குளிர்கிறது. அந்த ஓர் அறைக்காக வீட்டின் தெர்மோஸ்டாட்டே ஏற்றப்படுகிறது. அருகிலுள்ளவற்றின் லாக்ஷீல்டு வால்வைக் கொஞ்சம் மூடி நீரைப் பங்கிட்டால், தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி இறக்க முடிகிறது. ஒரு மாலைநேரத்து வேலை. கருவிச் செலவு ஏதுமில்லை.

நீரின் சூட்டைத் தானாகவே மாற்றும் கட்டுப்பாடும் உண்டு. வெளியிலுள்ள சென்சார் குளிரின் அளவைப் பார்த்து, மிதமான நாளில் 40 டிகிரி, கடுங்குளிர் நாளில் 60 டிகிரி என்று பாய்லரிடம் கேட்கும். புதிய பாய்லர் வாங்குபவருக்கு, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைவிட இந்த வெளிச் சென்சாரையே நான் முதலில் சொல்வேன். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்தான் வேண்டும் என்றால், பாய்லரை வெறுமனே எரியச் செய்து நிறுத்துவதோடு நிற்காமல், அந்தப் பாய்லர் புரிந்துகொள்ளும் செய்திமுறையில் நீரின் சூட்டையும் கூட்டிக் குறைக்கக்கூடியதா என்று உறுதிசெய்துகொண்டு வாங்கவேண்டும். பாய்லர் நிறுவனத்தின் கையேட்டில் இதற்கான விடை இருக்கும். ஹீட் பம்ப் வீட்டில் ரேடியேட்டர் வால்வுகளைப் பெரும்பாலும் திறந்தே வைப்பது நல்லது. பல வால்வுகள் ஒரே நேரத்தில் மூடினால் சுற்றும் நீர் குறைந்து கருவி அடிக்கடி நின்று தொடங்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுச் சூடேற்றம் இருந்தால் இந்த ஒப்பீடு சுருங்கிவிடும். பாய்லர் குடியிருப்பவரின் கையில் இல்லாததால் தெர்மோஸ்டாட்டுக்கு வேலையில்லை, ரேடியேட்டர் வால்வே ஒரே கருவி. அங்கே கேட்கவேண்டியது கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது. ரேடியேட்டரின் முகப்பில் ஒட்டியிருக்கும் சிறு அளவிப் பெட்டியின்படி பிரிக்கப்பட்டால் குறைத்தவருக்குக் குறையும். தரைப்பரப்பின்படி பிரிக்கப்பட்டால் ஒருவர் சேமித்தது எல்லார் கணக்கிலும் கரையும். ஒற்றைக்குழாய் அமைப்பாக இருந்தால், அதாவது ஒரு ரேடியேட்டரின் ஊடாக ஓடிய நீரே அடுத்ததற்குப் போனால், சாதாரண வால்வைப் பொருத்தி மூடுவது அடுத்த வீட்டாரின் நீரையும் நிறுத்திவிடும். அதற்கென நீர் விலகிச்செல்ல வழியுள்ள வால்வுதான் வேண்டும். வாடகை வீட்டில் ஸ்மார்ட் வால்வு மாட்டுபவர் கழற்றிய பழைய தலைகளைப் பத்திரமாக வைத்திருந்தால் காலிசெய்யும்போது திரும்ப மாட்டிவிட்டுத் தம்முடையதை எடுத்துச் செல்லலாம்.

எதை வாங்கினாலும் அது மிச்சப்படுத்தியதா என்பதைச் சென்ற ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டு அறிய முடியாது. விலையும் மாறியிருக்கும், குளிரும் மாறியிருக்கும். மீட்டரில் எரிவாயு அலகுகளைக் குறித்துக்கொண்டு, அதே நாட்களில் உள்ளூர் வானிலை ஆய்வு மையம் தரும் சராசரி வெப்பநிலையை 15.5 அல்லது 18 டிகிரி போன்ற ஓர் அடிப்படை எண்ணிலிருந்து கழித்து, மாதம் முழுவதற்கும் கூட்டினால் வெப்பத்தேவை நாட்கள் என்ற கணக்கு கிடைக்கும். அடிப்படைக்கு மேல் சூடான நாட்களைச் சேர்க்கக் கூடாது. அலகுகளை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண், கருவி மாட்டுவதற்கு முந்தைய மாதங்களைவிடக் குறைந்திருந்தால் அது கருவியின் வேலை. சமையலுக்கும் குளிப்பதற்கும் அதே எரிவாயு பயன்படும் வீட்டில், கோடை மாதத்தின் அலகுகளை முதலில் கழித்துவிட்டு இந்த வகுத்தலைச் செய்ய வேண்டும்.